பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம்" என்பது நம்மிடையே வழிவழி வழங்கிவரும் முதுமொழி. குற்றம் செய்தவன் ஒருவனாக, தண்டனை பெறுபவன் வேறொருவனாக அமைந்துவிடும் உலகியற் கொடுமையை நான்கே சொற்களில் அடக்கிவிட்டது அது. தனிமனிதர் வாழ்விற் காணப்படும் இக்கொடுமை, ஒரு நாடே துன்பத்தில் ஆழும் காலத்திற் பன்மடங்காகப் பெருகுவதை வரலாறு காட்டுகின்றது. பஞ்சம் வந்தாலும், போர் மூண்டாலும், கொள்ளைநோய் பரவினாலும், மக்கள் உள்ளத்தில் முதலில் எழுவது 'இது யார் செய்த பாவம்?' என்னும் வினாவே. அவ்வினாவுக்கு 'என் பாவம்' என்று விடை கூறும் சமுதாயம் ஒன்று. 'அவன் பாவம்' என்று விரல் நீட்டும் சமுதாயம் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தறிய விரும்புவோர்க்கு, மத்தியகால ஐரோப்பாவில் நெருக்கடிகள் தோறும் எழுந்த தவப் பவனிகளைக் காட்டிலும் சிறந்த சான்று கிடைப்பது அரிது என்பது என் துணிபு.

தம் முதுகைத் தாமே கசையால் அடித்து, குருதி சொரிய வீதி வீதியாகச் சென்ற அம்மக்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரு திறத்தினர். ஒரு சாரார், பகுத்தறிவின் உயரத்தில் நின்று அவர்களைப் பித்தர் கூட்டம் என எள்ளி நகையாடுவர். மறுசாரார், பக்தியின் மிகுதியால் யாவற்றையும் போற்றி, அக்காலத்தின் மீது படிந்த கறையைக் காணாதவர்போலக் கடந்து செல்வர். இவ்விரு திறத்தாரோடும் நான் உடன்படவில்லை. கசையை மட்டும் கண்டு தீர்ப்புக் கூறுதல் பேதைமை. கசையைக் கீழே வைத்த பின்னர் அக்கை என்ன செய்தது என்பதையே நாம் நோக்குதல் வேண்டும்.

நகைப்போர்க்கு முதலில் ஒரு வார்த்தை. 1348ஆம் ஆண்டிலே, கொள்ளைநோயின் காரணம் யாதெனப் பிரெஞ்சு மன்னன் ஆறாம் பிலிப்பு பாரிஸ் பல்கலைக்கழகத்து வைத்தியப் பேராசிரியர்களை வினவினான். அவர்கள் ஆய்ந்தளித்த விடை யாது? 1345ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே சனி, வியாழன், செவ்வாய் ஆகிய மூன்று கோள்களும் கும்பராசியில் ஒன்று கூடியமையால் காற்று நஞ்சாயிற்று என்பதே. அந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை அலெக்சாந்தர் யெர்சின் ஹொங்கொங்கிலே கண்டறிந்தது 1894ஆம் ஆண்டில். லண்டன் மாநகரின் பழைய புதைகுழி ஒன்றிலிருந்து எடுத்த பற்களையும் எலும்புகளையும் ஆராய்ந்து, 1348இல் வந்ததும் அதே நுண்ணுயிரே என உறுதி செய்தது 2011ஆம் ஆண்டில். அறிஞர்க்கே வானத்துக் கோள்களுக்கு அப்பால் எதுவும் புலப்படாத அக்காலத்திலே, பாமரன் தன் நெஞ்சைத் திறந்து பார்க்க முற்பட்டான் என்றால், அதனை நகைத்தல் தகுமா? அவன் மருந்தறியாதவன்; ஆயின் அறிவற்றவன் அல்லன்.

இனி வரலாற்றுக்கு வருவோம். இத்தகைய பவனிகளுள் முதற்பெரும் பவனி எழுந்தது 1260ஆம் ஆண்டில், இத்தாலி நாட்டுப் பெருஜியா நகரத்திலே. அன்றைய இத்தாலி பாப்பரசர் கட்சி, சக்கரவர்த்தி கட்சி என இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஒரு கட்சி வென்றால் மறு கட்சியினர் நாடு கடத்தப்படுவர். அவர்தம் வீடுகள் இடிக்கப்படும். அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திலே மொந்தாபெர்த்தி என்னுமிடத்தில் நடந்த போரில் புளோரன்சு நகரத்துப் படை அழிந்தது. அதற்கு முன்னரே, 1258இல் பஞ்சமும் அதனை அடுத்து நோயும் மக்களை வாட்டியிருந்தன. 1202ஆம் ஆண்டில் மறைந்த ஜோவாக்கீம் என்னும் மடாதிபதியின் நூல்களைக் கற்றோர், 1260இல் உலகம் புதியதொரு யுகத்திற் புகும் என எதிர்பார்த்திருந்தனர். அச்சமும் ஆவலும் ஒருங்கே கனிந்திருந்த அவ்வேளையில், ரனியேரோ பசானி என்னும் தவசி பெருஜியா மக்களைப் பச்சாதாபத்துக்கு அழைத்தார். மேற்றிராணியாரும் நகரசபையும் அவ்வழைப்புக்குச் செவிசாய்க்க, தொழில்கள் நிறுத்தப்பட்டன. நகரமே தவத்தில் இறங்கிற்று.

அவ்வாண்டு இலையுதிர்காலத்திலே அத்தீ வடக்கே பரவிற்று. பொலோஞ்ஞா, மொடேனா, பார்மா, ஜெனோவா என ஊர்தோறும் பிரபுக்களும் உழவரும், முதியோரும் சிறுவரும், இடைக்கு மேல் ஆடையின்றி, இருவர் இருவராக அணிவகுத்து நடந்தனர். முன்னே சிலுவையும் கொடிகளும் ஏந்திக் குருமார் சென்றனர். பெண்கள் தம் இல்லங்களின் உள்ளே தவம் இயற்றினர். யாழும் குழலும் காதற் பாடல்களும் அடங்கி, எங்கும் இரங்கற் பாட்டே ஒலித்தது என அக்காலத்தார் எழுதினர். பாவசங்கீர்த்தனம் செய்வோர் தொகை மிகுந்தமையால் குருமார்க்கு உணவருந்தவும் நேரம் கிடைக்கவில்லை எனச் சலிம்பேனே என்னும் பிரான்சிஸ்கு சபைத் துறவி தம் வரலாற்று நூலிற் குறித்துள்ளார்.

என் உள்ளத்தைக் கவர்வன இக்காட்சிகள் அல்ல. இவற்றைத் தொடர்ந்து நிகழ்ந்தவையே. தலைமுறை தலைமுறையாகப் பகைத்த குடும்பங்கள் சமாதானம் செய்துகொண்டன. சிறைக்கதவுகள் திறக்கப்பட்டன. நாடு கடத்தப்பட்டோர் தம் ஊருக்குத் திரும்பி வர அனுமதி பெற்றனர். வட்டிக்குக் கொடுத்துப் பிறர் பொருளை விழுங்கியோர் அதனைத் திருப்பிக் கொடுத்தனர். 'என் பாவம்' என்ற சொல் அங்கே முதுகோடு நின்றுவிடவில்லை. அது பணப்பெட்டி வரை சென்றது, சிறைச்சாலை வரை சென்றது, பகைவனின் வாசற்படி வரை சென்றது.

இப்பவனிகளைக் கண்டு அஞ்சியோர் யாவர் என்பதும் ஊன்றி நோக்கத் தக்கது. தென்னித்தாலியை ஆண்ட மன்பிரெட் மன்னன் தன் ஆட்சிப் பரப்பினுள் அவர்கள் நுழைதலாகாது எனத் தடை விதித்தான். கிரெமோனா நகரத்தைத் தன் கைக்குள் வைத்திருந்த பல்லவிசினி என்னும் பிரபு, அவர்கள் வந்தால் தூக்கிலிடுவதற்கெனப் போ நதிக்கரையிலே தூக்குமரங்களை நாட்டுவித்தான். அம்மக்கள் அடித்துக்கொண்டது தம் முதுகையே. ஆள்வோர்க்கு அதில் என்ன அச்சம்? கட்சிப் பிளவினால் அரசு செலுத்துபவனுக்குப் பகைவர் இருவர் கைகோத்தல் படையெடுப்பினும் கொடிது. நாடு கடத்தப்பட்டவன் திரும்பி வருவானாயின், அவன் நிலத்தைப் பறித்தவன் நிலை யாதாகும்? பித்தர் கூட்டத்துக்கு எவரும் தூக்குமரம் நாட்டுவதில்லை. அதிகாரத்தின் வேரையே அசைக்கும் ஏதோ ஒன்று அப்பவனியில் இருந்தது என்பதற்கு அத்தூக்குமரங்களே சான்று.

தொண்ணூறு ஆண்டுகள் உருண்டோடின. 1347ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே சிசிலித்தீவின் மெசினாத் துறைமுகத்தில் நுழைந்த கொள்ளைநோய், சில ஆண்டுகளில் ஐரோப்பிய மக்களுள் மூன்றில் ஒரு பங்கினரையேனும் கொண்டு சென்றது. பாதிக்கு மேல் என்பாரும் உளர். பிணம் புதைக்க ஆளின்றித் தவித்த மக்கள் மீண்டும் அதே வினாவை எழுப்பினர்: யார் செய்த பாவம்? இம்முறை பலர் கண்ட விடை வேறு. யூதர் கிணறுகளில் நஞ்சிட்டனர் என்றொரு வதந்தி பரவிற்று. 1348ஆம் ஆண்டு செப்டெம்பரிலே, ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள சில்லோன் கோட்டையில் யூதர் சிலரைச் சித்திரவதை செய்து வாக்குமூலங்கள் பெற்றனர். அவற்றின் பிரதிகள் பிற நகரங்களுக்கு அனுப்பப்பட்டன. 1349 ஜனவரியிலே பாசல் நகரத்து யூதர் எரிக்கப்பட்டனர்.

அடுத்தது றைன் நதியை அடுத்த ஸ்ட்ராஸ்பூர்க் நகரம். யூதர் குற்றமற்றவர் எனக் கருதி அவர்களைக் காக்க முயன்ற நகரசபைத் தலைவர்களை, தொழிற் சங்கத்தாரும் பிரபுக்கள் சிலரும் கூடிப் பதவியிலிருந்து அகற்றினர். பெப்ரவரி 14ஆந் திகதி, யூதர் பல நூற்றுவரை அவர்தம் இடுகாட்டிலேயே மேடையமைத்துத் தீயிட்டுக் கொளுத்தினர். அவர்களிடம் பட்ட கடன்கள் யாவும் ரத்தாயின. கைப்பொருளை ஊரவர் பங்கிட்டுக்கொண்டனர். பணமே அவர்களைக் கொன்ற நஞ்சு என்னும் கருத்துப்பட அந்நகரத்து வரலாற்றாசிரியர்களே எழுதி வைத்தனர். ஈண்டு நாம் மறவாது கருத வேண்டியதொன்று உண்டு. அந்தப் பெப்ரவரி மாதத்திலே கொள்ளைநோய் அந்நகரை இன்னும் எட்டவேயில்லை. நோய் வருமுன்னரே பழிகாரனைத் தேடிக் கொன்றுவிட்டனர்.

நோய் வந்தது அவ்வாண்டுக் கோடையில். அதே கோடையிலேதான் கசை ஏந்திய தவசிகளும் வந்தனர். முதலில் வந்தோர் ஏறக்குறைய இருநூற்றுவர் என்பர். அவர்தம் விதிகள் கடுமையானவை. இயேசுநாதர் இவ்வுலகில் வாழ்ந்த ஆண்டுகளுக்கு ஒப்பாக முப்பத்துமூன்றரை நாள் தவம், நாள்தோறும் தன் உணவுக்கு வேண்டிய காசைத் தானே கொண்டு வருதல் வேண்டும், மணமானவன் மனைவியின் சம்மதம் பெறுதல் வேண்டும், பெண்களோடு பேசலாகாது, பகைவரை மன்னித்த பின்னரே கூட்டத்திற் சேரலாம். வட்டமாக நிலத்தில் வீழ்ந்து, தத்தம் பாவத்தைக் குறிக்கும் வண்ணம் கிடப்பர்; பொய்ச்சத்தியம் செய்தவன் மூன்று விரல்களை உயர்த்திக் கிடப்பான். பின்னர் எழுந்து, முள் பொருத்திய முடிச்சுக்களையுடைய கசைகளால் அடித்துக்கொள்வர். இறுதியில், வானிலிருந்து வந்ததாகக் கூறப்படும் கடிதம் ஒன்று உரத்து வாசிக்கப்படும். ஞாயிறு ஆசரியாமை, வெள்ளிக்கிழமை ஒருசந்தி காவாமை, வட்டி வாங்குதல், விபசாரம் முதலிய பாவங்களால் இறைவன் சினந்தான் என்பது அக்கடிதத்தின் சாரம். கூடியிருந்த மக்கள் கதறி அழுதனர்.

அழுதோர் யாவர்? பெப்ரவரியிலே அத்தீயை மூட்டியோரும், கண்டும் வாளாவிருந்தோரும், பங்குப்பணம் பெற்றோரும் அக்கூட்டத்தில் இருந்தனர் அல்லரோ? ஞாயிறு ஆசரியாமைக்கு அழுதார்கள். வெள்ளிக்கிழமை இறைச்சி உண்டமைக்கு அழுதார்கள். ஐந்து மாதங்களுக்கு முன் தம் கண்ணெதிரே எரிந்த அயலவருக்காக அழும்படி அக்கடிதம் அவர்களைக் கேட்கவில்லை. அது பாவப் பட்டியலில் இடம் பெறவேயில்லை. பகைவரை மன்னிக்கச் சொன்ன விதி, யூதரை மனிதர் கணக்கிற் சேர்த்ததாகத் தெரியவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்ற முதுமொழிக்கு இதனினும் கொடிய உரை வேறில்லை.

இங்கே நீதி தவறாது கூற வேண்டியதொன்றும் உண்டு. கசை ஏந்தியோரே ஐரோப்பா முழுவதும் யூதரைக் கொன்றனர் என்று சில நூல்கள் கூறுவது மிகையாகும். ஸ்ட்ராஸ்பூர்க்கிற் போலவே பல நகரங்களிலும் கொலை முன்னரே முடிந்திருந்தது. தவசிகள் வந்தது பின்னரே. கொலைகளுட் பலவற்றை முன்னின்று நடத்தியோர் நகரத்துப் பெரியோரும், கடன்பட்ட பிரபுக்களுமே. எனினும், தவசிகளுட் சிலர் யூதரின் இரத்தத்தைச் சிந்தினர் எனப் பாப்பரசரே குற்றஞ்சாட்டியிருத்தலால், அவர்களை முற்றாக விடுவித்தலும் இயலாது. ஆயின் என் வழக்கு அதுவன்று. அவர்கள் கொன்றார்களா என்பதைவிட, கொன்றவர் நெஞ்சைத் தொடாத தவத்தை மக்களுக்குக் கொடுத்தார்கள் என்பதே என் வழக்கு. குருதி சிந்திய பின்னரும் மனச்சாட்சி உறங்குமாயின், அத்தவம் மருந்தன்று, உறக்கத்துக்கான தாலாட்டே.

அக்காலத்தில் இதனைத் தெளிவாக உணர்ந்தவர் ஒருவர் உண்டு என்றால், அவர் தவக்கோலமே அறியாத ஒருவர் என்பது வியப்புக்குரியது. அவிஞ்ஞோன் நகரிலிருந்து ஆண்ட பாப்பரசர் ஆறாம் கிளமெந்து, விருந்தும் பட்டாடையும் விரும்பிய உல்லாசப் பிரியர். நோய்க்கு அஞ்சி, வைத்தியர் சொற்படி இரு பெருந்தீக்களின் நடுவே அமர்ந்திருந்தவர். அவரே 1348ஆம் ஆண்டு யூதரைக் காக்குமாறு கட்டளைகள் பிறப்பித்தார். யூதரும் இந்நோயால் மடிகின்றனர். யூதரே இல்லாத நாடுகளிலும் நோய் பரவுகின்றது. அவ்வாறாயின் அவர்கள் காரணராவது எங்ஙனம் என நியாயம் கேட்டார். 1349 ஒக்டோபர் 20ஆந் திகதி கசைப் பவனிகளையும் தடை செய்தார். தவத்தையே தடுத்தாரல்லர், திருச்சபையின் ஒழுங்குக்கு அமைந்து, அடக்கமாகச் செய்யும் தவத்தை அனுமதித்தார். பட்டுடுத்த அவர் கண்டதைக் கந்தை சுற்றிய கூட்டம் காணவில்லை. தோலில் விழும் தழும்பு, பார்வைத் தெளிவுக்கு உத்தரவாதம் அன்று.

மூன்றாவது காட்சி 1399ஆம் ஆண்டுக்குரியது. அவ்வாண்டுக் கோடையிலே வட இத்தாலியில் மீண்டுமொரு பவனி எழுந்தது. வெள்ளைச் சணலாடை அணிந்தமையால் அவர்கள் 'வெள்ளையர்' எனப்பட்டனர். ஒன்பது நாள் வெறுங்காலுடன் நடப்பர், இறைச்சி உண்ணார், மெத்தையிற் படுக்கார். சிலுவையடியில் நின்ற தேவமாதாவின் வியாகுலத்தைப் பாடி, "இரக்கம்! சமாதானம்!" எனக் கூவிச் செல்வர். இங்கே கசை பின்னுக்குச் சென்றது. சமாதானம் முன்னுக்கு வந்தது. ஒவ்வோர் ஊரிலும் பகைத்த குடும்பங்களை ஒன்றுகூட்டி இணங்கச் செய்தனர். பிஸ்தோயா நகரத்து லூக்கா தொமினிச்சி இந்நிகழ்ச்சிகளையும் இணக்கங்களையும் தம் குறிப்பேட்டில் விரிவாக எழுதி வைத்துள்ளார்.

அப்பவனியில் நடந்தோருள் பிராட்டோ நகரத்து வணிகர் பிரான்செஸ்கோ டாத்தினியும் ஒருவர். 1348ஆம் ஆண்டுக் கொள்ளைநோயிலே சிறுவனாகப் பெற்றோரை இழந்தவர். பின்னர் அவிஞ்ஞோனிற் பெருஞ்செல்வம் ஈட்டியவர். 1399 ஓகஸ்ட் மாதத்திலே, அறுபதைக் கடந்த அவர், வெள்ளாடை உடுத்து, வீட்டாரும் பணியாளருமாகப் பன்னிருவரை அழைத்துக்கொண்டு வெறுங்காலுடன் நடந்தார். கூடவே இரு குதிரைகளும் ஒரு கோவேறு கழுதையும் சென்றன. அவற்றின் மீது அப்பமும் பாற்கட்டியும் இனிப்புப் பண்டங்களும் ஏற்றப்பட்டிருந்தன. இதனைப் படித்து நகைப்போர் நகைக்கலாம். எனக்கோ அம்மனிதர் மீது அன்பே பிறக்கின்றது. கழுதையையும் பாற்கட்டியையும் விட்டுவர இயலாத சாமானிய உள்ளத்தினுள்ளும் தவம் ஒரு விதையை ஊன்றிவிட முடியும். 1410இல் அவர் இறந்தபோது, ஏறத்தாழ எழுபதினாயிரம் பொற்காசு பெறுமதியான தம் செல்வத்தைத் தம் ஊரின் ஏழைகளுக்கென அறநிதியாக எழுதி வைத்திருந்தார்.

'இச்சமாதானங்கள் எத்துணைக் காலம் நின்றன? 1260இல் கைகோத்தவர் சில ஆண்டுகளில் மீண்டும் வாளெடுத்தனர். 1399இல் பாடிய நகரங்களை மறு ஆண்டே கொள்ளைநோய் தாக்கிற்று. பின் என்ன பயன்?' என்று வினவுவோர் உண்டு. வினா நியாயமானதே. தவம் நோயைத் தடுக்கவில்லை, தடுத்திருக்கவும் முடியாது. கூட்டமாகக் கூடிச் சென்றமையால் நோய் பரவ அது துணை செய்திருத்தலும் கூடும். ஆயினும், 1260இன் தவசிகள் வழியே தோன்றிய சபைகள் இத்தாலியில் நிலைத்து நின்றன. பொலோஞ்ஞாவிலே அவர்கள் நிறுவிய மருத்துவ விடுதி பிணியாளரையும் யாத்திரிகரையும் நூற்றாண்டுகளாகப் பேணியது. அவர்கள் தாய்மொழியிற் பாடிய இரங்கற் பாடல்களிலிருந்தே இத்தாலிய மொழியின் சமய நாடகம் கிளைத்தது. ஒரு நாள் திறந்த சிறைக்கதவு மறுநாள் மூடப்பட்டிருக்கலாம். அந்த ஒரு நாளில் வெளிவந்தவன் வெளிவந்தவனே.

துன்பக் காலத்துப் பச்சாதாபத்தை அளக்க நான் கைக்கொள்ளும் கோல் இதுவே. எத்தனை பேர் நடந்தனர், எவ்வளவு குருதி சிந்தினர், எவ்வளவு உரக்க அழுதனர் என்பன கணக்கில் வாரா. யாருடைய கடன் தீர்க்கப்பட்டது? எந்த அகதி வீடு திரும்பினான்? எந்தப் பகைவன் வீட்டுக் கதவு தட்டப்பட்டது? இவற்றுக்கு விடையிருந்தால் அது தவம். இல்லையேல் அது அச்சத்தின் ஆரவாரம். இவ்வளவுகோல் மத்தியகாலத்துக்கு மட்டும் உரியதன்று. 2020ஆம் ஆண்டில் உலகைச் சூழ்ந்த பெருந்தொற்றின்போதும், நுண்ணுயிரின் உருவத்தையே படம்பிடித்துக் காட்டும் அறிவு நம் கையில் இருந்தும், இன்ன இனத்தார் கொண்டுவந்தனர், இன்ன சமயத்தார் பரப்பினர் என்ற குரல்கள் பல நாடுகளில் எழுந்ததை நாம் கேட்டோம். கோள்களை விட்டு நுண்ணுயிருக்கு வந்துவிட்டோம். நீட்டிய விரலை மடக்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

அடுத்த துன்பம் எவ்வுருவில் வரும் என எவரும் அறியார். அது வருங்கால் 'யார் செய்த பாவம்?' என்ற வினாவும் உடன் வரும். அவ்வினாவைத் தடுக்க இயலாது, தடுக்கவும் வேண்டுவதில்லை. பெருஜியாவில் தொடங்கியோர் அதனைத் தம் பணப்பெட்டியின் முன் நின்று கேட்டனர்; ஸ்ட்ராஸ்பூர்க் மக்கள் அயலவன் வாசலில் நின்று கேட்டனர். எந்த இடத்தில் நின்று கேட்கின்றோம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கின்றது.